இன்னொரு தபா சாரின் விதிமுறைகள்

பழைய மகாபலிபுரம் சாலைக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவில் முளைத்த கல்லூரிகளை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் இன்னொரு தபா சாரைப் போல ஒருத்தர் கிடைக்க மாட்டார். மனிதர் தன் ஆயுளில் எதையும் முடித்ததில்லை. எழுத ஆரம்பித்த கட்டுரையை முடித்ததில்லை, குடிக்க ஆரம்பித்த டீயை முடித்ததில்லை. சொல்ல வந்த வாக்கியத்தைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி நின்றுவிடுவார். மீதிப் பாதி காற்றோடு கடலுக்குப் போய்விட்டது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. கல்லூரி அலுவலகத்தைத் தவிர அதை யாரும் உபயோகித்ததாக நினைவில்லை. யார் எதை எழுதிக் கொண்டுபோய் நீட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே பிடித்து, நிதானமாகப் படித்து, ஒரு பெருமூச்சு விட்டு, "நல்லா வந்துகினு கீது. இன்னொரு தபா எழுதினு வாப்பா" என்பார். அவ்வளவுதான் அவர் விமர்சனம். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கண்ணாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தன. அங்கே வேலைக்குப் போக வேண்டுமானால் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி சொந்தமாக எழுதத் தெரியவேண்டும் என்று யாரோ நிர்வாகத்தின் காதில் ஓதிவிட்டார்கள். உடனே முதலாம் ஆண்டுக்கு 'அகாடமிக் ரைட்டிங்' என்று ஒரு தாள் முளைத்தது. சார் அதற்குப் பொறுப்பாளர், நான் உதவி. நான் செங்கல்பட்டிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்து போய்க்கொண்டிருந்த புது ஆள். வருடக் கடைசியில்தான் என் வேலை நிரந்தரமாகும். எடுத்த காரியத்தை முடித்தால்தான் எனக்குத் தண்ணீரே தொண்டையில் இறங்கும். எங்கள் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

பாடம் தொடங்கும் நாளில் ஒவ்வொரு ஆசிரியரும் விதிமுறைத் தாள் ஒன்று கொடுக்கவேண்டும் என்று முதல்வர் உத்தரவு போட்டிருந்தார். என்ன எதிர்பார்க்கிறோம், வருகைக்கு என்ன கணக்கு, தாமதமாகக் கொடுத்தால் என்ன தண்டனை, காப்பி அடித்தால் என்ன கதி. மற்றவர்கள் அரைப் பக்கத்தில் முடித்தார்கள். சார் அதைக் கோடை விடுமுறையிலேயே எழுத ஆரம்பித்தவர், முதல் வகுப்புக்கு மணி அடிக்கும்போதும் ஜெராக்ஸ் கடையில் நின்று திருத்திக்கொண்டிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூலத்தை எடுத்து ஒரு வரியை அடிப்பார், திரும்ப வைப்பார். விளைவு, முன்வரிசைக்கு ஒரு சட்டம், பின்வரிசைக்கு ஒரு சட்டம். முன்னால் இருந்தவர்கள் தாளில் 'தாமதமாக வரும் கட்டுரை ஏற்கப்படாது' என்று இருந்தது. நடுவரிசையில் 'தக்க காரணம் இருந்தால் ஏற்கப்படும்.' கடைசி பெஞ்சில் 'காரணம் சுவாரசியமாக இருந்தால் ஏற்கப்படும்.'

மறுநாள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு அடிதடி.

கடைசியில் எல்லாருக்கும் கடைசி பெஞ்சுச் சட்டமே என்று தீர்ப்பானது. ஆனால் ஒரு நிபந்தனை. காரணத்தை வாயால் சொல்லக்கூடாது. ஒரு பாராவாக எழுதித் தரவேண்டும். முதல் வரியில் காரணம், அடுத்த வரிகளில் அதற்கு ஆதாரம், கடைசி வரியில் முடிவு. வயிற்றுவலி என்றால் எந்தப் பக்கத்து வலி, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டாய் என்பது வரை வேண்டும். பிள்ளைகள் கட்டுரை எழுதுவதற்குச் சோம்பல் பட்டு, கட்டுரை ஏன் எழுதவில்லை என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

திருப்போரூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மணிவண்ணன் என்று ஒரு பையன். ஷேர் ஆட்டோவில் வருபவன். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையிலிருந்து கல் யானை ஒன்றை லாரியில் ஏற்றி வந்தார்கள், சாலை வளைவில் லாரி நின்றுவிட்டது, ஆட்டோ பின்னால் மாட்டிக்கொண்டது, அதனால்தான் கட்டுரை தாமதம் என்று எழுதிக் கொடுத்தான். சார் அதைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யானை எந்தப் பக்கம் பாத்துகினு இருந்துச்சு? உன்னப் பாத்தா, ரோட்டப் பாத்தா?"

"கவனிக்கல சார்."

"இன்னாப்பா நீ! அவ்ளோ நேரம் அது பின்னாடியே நின்னுகினு இருந்திருக்கிற. மூஞ்சிய பாக்கலையா? இன்னொரு தபா எழுதினு வா."

"சார், யானை போயிடுச்சு சார்!"

"பட்டறையில வேற யானை இருக்கும். போய்ப் பாரு. செய்யறவங்க எங்க உளி வெக்கிறாங்கன்னு பாரு."

மணிவண்ணன் போனான். போனவன் தும்பிக்கையைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். பிறகு கயிறு கட்டுவதைப் பற்றி. பிறகு தூக்கும்போது யானையின் காதுக்கு ஏன் வைக்கோல் சுற்றுகிறார்கள் என்பதைப் பற்றி. அவன் எந்தக் கட்டுரையைத் தாமதமாகக் கொடுக்க இருந்தான் என்பது அவனுக்கும் மறந்துபோயிற்று, சாருக்கும் மறந்துபோயிற்று. எனக்கு மட்டும் நினைவிருந்தது. மதிப்பெண் பட்டியலில் அந்தக் கட்டம் காலியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

காப்பி அடிப்பவர்களுக்கு அவர் வைத்திருந்த தண்டனை இதைவிட மோசம். 'மரம் வளர்ப்போம்' என்று ஒரு தலைப்புக் கொடுத்தோம். வகுப்பு மொத்தமும் ஒரே கைடைத் திறந்து ஒரே கட்டுரையை இறக்கிவிட்டது. நான் அத்தனை பேருக்கும் சைபர் போடப் பேனாவைத் திறந்தேன். சார் என் கையைத் தடுத்து, "அவங்களே படிக்கட்டும் மேடம்" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் வகுப்பு அது. ஜன்னல் வழியே உப்புக்காற்று. ஒருத்தன் எழுந்து படித்து முடிப்பான், அடுத்தவள் எழுந்து அதே கட்டுரையை அதே வரியில் ஆரம்பிப்பாள். மின்விசிறி சுற்றுகிறது, மரம் நமக்கு நிழல் தருகிறது, மின்விசிறி சுற்றுகிறது, மரம் நமக்குக் கனி தருகிறது. என் கண் சொக்கிவிட்டது. எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே கொஞ்சநேரம் தெரியவில்லை. கௌசல்யா என்ற பெண் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"சார், போதும் சார். நாங்க யாருமே ஒரு மரத்தக்கூடப் பாக்காம எழுதிக்கீறோம்."

சார் எழுந்தார். கதவைத் திறந்து வெளியே நடந்தார். வகுப்பு பின்னாலேயே போனது. அன்று மாலை வரை எல்லாரும் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து சவுக்கு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றடித்தால் சவுக்கு ஒரு மாதிரி ஓசை எழுப்பும், மழை தூரத்தில் வருகிற மாதிரி. அந்த ஓசையை எப்படி எழுதுவது என்று பிள்ளைகள் குசுகுசுவென்று சண்டை போட்டார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன். எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன், ஆனால் எழுந்து வர மனசில்லை.

விதிமுறைகளைத் தனக்கும் போட்டுக்கொள்வதில் அவர் தர்மபுத்திரர். வகுப்புக்குத் தாமதமாக வந்தால் வருகைப் பதிவேட்டில் முதல் காரியமாகத் தன் பெயரை எழுதி அதற்கு ஆப்சென்ட் போடுவார். லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தால், அதைத் திருத்தித் திருத்தி, லீவு வேண்டிய நாளில் ஆபீசிலேயே உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருப்பார். கேன்டீன் மாஸ்டருக்கு அவரைக் கண்டாலே கிலி.

"ஒரு டீ. இல்ல, டீன்னு மொட்டையா சொல்லக்கூடாது. சக்கர கம்மியா ஒரு டீ. கம்மின்னா எவ்ளோ கம்மின்னு நீ கேப்ப..."

"நான் கேக்கல சார்! நீ ஃபைனலா சொல்லு சார், பின்னாடி ஆளு நிக்கிது!"

ஒருமுறை அவர் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தாரும்மா. வந்து, பஜ்ஜி துன்னுட்டு, புடிச்சிருக்குன்னு எங்கப்பா கைல சொல்லிட்டுப் போனாரு. மறுவாரம் திரும்ப வந்து நின்னாரு. எங்கப்பா வெலவெலத்துப் போயிட்டாரு. இன்னா தம்பின்னு கேட்டா, போன வாட்டி புடிச்சிருக்குன்னு சும்மா பொதுவா சொல்லிட்டேன், இன்னா புடிச்சிருக்குன்னு சொல்லாம பூட்டேன், அதச் சொல்லத்தான் வந்தேன்னாரு." என்ன சொன்னார் என்று கேட்டேன். அந்த அம்மாள் முகம் சிவந்து ரசம் எடுக்க உள்ளே போய்விட்டார்.

வருடத்தின் பின்பாதியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளை மாமல்லபுரம் கரைக்கு அழைத்துப் போக ஆரம்பித்தார். அது விதிமுறைத் தாளில் புதிதாகச் சேர்ந்த விதி: கடலைப் பார்த்துச் சத்தமாகப் படிக்கக் கூச்சப்படும் வரியை அடித்துவிட வேண்டும். வெயில் சாய்ந்திருக்கும். தூரத்தில் பட்டறைகளில் உளிச் சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். வரிசையாக நின்று பிள்ளைகள் அலையைப் பார்த்து ஆங்கிலம் படிப்பார்கள். அலை வரும்போது பாதி வார்த்தை கேட்காது. கேட்ட பாதி எனக்கு என்னவோ ரொம்ப அழகாக இருக்கும். படகு ஓரத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா இது, வேண்டுதலா?" என்று கேட்டாள். "மார்க்கு வேணும்னுதான்" என்றேன். "அப்போ நல்லா வேண்டிக்கச் சொல்லு" என்று கையில் ஒட்டிய செதிலோடு கும்பிட்டாள்.

மார்க்குதான் பிரச்சினை. இதை நான் அவரிடம் வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்மதிப்பெண்களைக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் முதல்வர் அறையில் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக மதிப்பெண், கூடவே அந்த மாணவரின் முடிந்த கட்டுரை ஒன்று, 'இறுதி' என்று ஆசிரியர் கையெழுத்தோடு. சேரவில்லையென்றால் மொத்த வகுப்புக்கும் ஹால் டிக்கெட் வராது. ஒரு வருடம் போகும். அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் ஒரு வருடம் போனால் அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. நேராக லாரி ஷெட்டு, இல்லை கல்யாணம்.

அந்த நாள் வந்தது. மேஜையில் குவியல் குவியலாகப் பழைய வரைவுகள். ஒன்றில்கூட 'இறுதி' இல்லை. எல்லாவற்றிலும் சாரின் பச்சை மைக் கேள்விகள்தான். இனி இவரை நம்பிப் பயனில்லை என்று நானே வகுப்புக்கு ஓடினேன்.

"எல்லாரும் கடைசியா எழுதினத எடுத்து நீட்டுங்க. அப்படியே வாங்கிக்கறேன். மார்க்கு நான் போடறேன்."

இந்த வார்த்தைக்காக வருடம் முழுக்கக் காத்திருந்த கூட்டம். துள்ளிக் குதிக்கும் என்று நினைத்தேன். ஒருத்தரும் நீட்டவில்லை.

"மேடம், என்னுதுல முதல் வரி பொய்யா இருக்கு மேடம்" என்றாள் கௌசல்யா. "அத மட்டும் மாத்திட்டுத் தரேனே."

"எனக்கு நடுவுல ஆதாரமே இல்ல மேடம். இப்டியே குடுத்தா அசிங்கம்."

"மச்சான், உன்னுது பரவால்ல, என்னுதப் பாரு. யாரோ எழுதினா மாதிரி கீது."

மணிவண்ணன் தலையைக் கூடத் தூக்கவில்லை. தாளின் மேல் கவிழ்ந்து எதையோ அடித்துக்கொண்டிருந்தான். "அஞ்சே நிமிஷம் மேடம். கடைசி பாரா சரியா வரல. இன்னொரு தபா..."

வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு வருடமாகக் காற்றோட்டமான அறையில் வைத்துப் பரப்பியிருக்கிறார் மனிதர்.

வராந்தாவில் அவரைப் பிடித்தேன். தோப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான் கத்தினேன். பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோகிற அளவுக்குக் கத்தினேன்.

"சார், உங்களுக்கு இது ஆசை. அதுங்களுக்கு இது பரீட்சை. போய் முடிஞ்சதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் குடுப்பாங்க."

அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா அப்பால அத யாரும் தொட மாட்டாங்க மேடம். பீரோவுல போட்டுப் பூட்டிடுவாங்க. பசங்களும் மறந்துடுவாங்க. அதான் எனக்கு வாய் வரல."

"ஹால் டிக்கெட் வரலன்னா அந்தப் பசங்களையே யாரும் தொட மாட்டாங்க சார். அத யோசிங்க."

பாவம், அவர் முகம் தொங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நினைப்பில் பேன்ட்டில் துடைத்தார். பிறகு வகுப்புக்குள் போனார். நேராக மணிவண்ணன் பெஞ்சுக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் அடித்த வரியைப் படித்தார், அடிக்காத வரியைப் படித்தார். அவன் கையிலிருந்த பேனாவை மெல்ல வாங்கி மூடினார்.

"நல்லாகீதுப்பா."

"கடைசி பாரா..."

"அதுவும் நல்லாகீது. குடுத்துடு."

அந்த வாயிலிருந்து 'வந்துகினு' இல்லாமல் 'நல்லாகீது' மட்டும் வந்து யாரும் கேட்டதில்லை. மணிவண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை நீட்டினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெஞ்சாகப் போனார். ஒவ்வொருத்தர் பக்கத்திலும் உட்கார்ந்து, ஒரு வரியையாவது தொட்டுக் காட்டி, இது நல்லாகீது என்று சொல்லித்தான் வாங்கினார். கௌசல்யாவிடம் மட்டும் முதல் வரியை அடித்துவிடச் சொன்னார். அது நிஜமாகவே பொய்தான். நான் பின்னாலேயே போய்க் கையெழுத்து வாங்கி, மதிப்பெண் ஏற்றி, குண்டூசி குத்தினேன். அவர் 'இறுதி' என்று எழுதும்போது ஒவ்வொரு தடவையும் கை ஒரு கணம் நின்றது. நான் இருமினேன். எழுதினார்.

கட்டைத் தூக்கிக்கொண்டு முதல்வர் அறைக்குள் நுழைந்தபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது. முதல்வர் எல்லாவற்றையும் புரட்டினார். எங்கும் தப்புக் கிடைக்கவில்லை என்பதில் அவருக்கு ஏமாற்றம்தான். கடைசியில் மேலட்டையில் விரலை வைத்தார்.

"பொறுப்பாளர் அறிக்கை எங்க? இந்தப் பாடத்தால மாணவர்கள் என்ன அடைஞ்சாங்கன்னு சுருக்கமா எழுதணும். எழுதிக் குடுங்க, மூடிடலாம்."

எனக்கு உயிர் போய்விட்டது. இவரிடம் போய்! ஒரு லீவு லெட்டருக்கு ஒரு நாள் எடுக்கிறவரிடம்! நானே எழுதுகிறேன் என்று கையை நீட்டினேன். முதல்வர் மறுத்துத் தலையசைத்தார்: பொறுப்பாளர்தான் எழுத வேண்டும், அவர் கையெழுத்திலேயே வேண்டும். சார் உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முதல்வருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் பக்கம் பார்வை போயிற்று. அங்கே சாயங்கால வெளிச்சம், சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கொஞ்சமாகத் தெரியும் கடல். போச்சு, போயே போச்சு என்று நான் முருகனைக் கூப்பிட்டேன்.

குனிந்தார். ஒரே வரி எழுதினார். அடிக்கவில்லை, திருத்தவில்லை, இரண்டாம் தடவை படிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினார்.

முதல்வர் எடுத்துப் படித்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'இவர்கள் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்.'

"இவ்வளவுதானா?"

"இவ்ளோதான் சார்."

முதல்வர் அவரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், முத்திரையை எடுத்துக் குத்தினார். ஹால் டிக்கெட் எல்லாருக்கும் வந்தது. எனக்கு வேலையும் நிரந்தரமானது.

அடுத்த வருடம் அந்தப் பாடத்தை எடுத்துவிட்டு அந்த நேரத்துக்குக் கம்ப்யூட்டர் லேப் போட்டார்கள். சார் மதுராந்தகம் பக்கம் வேறொரு கல்லூரிக்குப் போய்விட்டார். நான் பிறகு வேலையை விட்டு வாரப் பத்திரிகைக்கு எழுத வந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பக்கம் முடித்திருக்கிறேன், ஒரு வாரம்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. ஆனால் அன்று அந்த அறையில் அவர் எழுதிய மாதிரி ஒரு வரி, ஒரே ஒரு வரி எனக்கு வந்துவிட வேண்டும், அதை அவர் எங்கேயாவது டீ ஆறிப்போக உட்கார்ந்து படித்துவிட்டு, நல்லாகீது மேடம் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வாரமும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.